ஜாவாவின் கிரிஸ் கத்திகள்: வயதறியும் வழி



பழம்பொருள் ஒன்றைக் கையில் எடுத்த எவரும் முதலில் கேட்கும் வினா, 'இதன் வயது என்ன?' என்பதேயாகும். அது நாணயமாயின், அதில் அரசன் பெயர் பொறித்திருக்கும். கல்வெட்டாயின், எழுத்தின் வடிவமே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். மட்பாண்டமாயின், அது புதைந்து கிடந்த மண்ணடுக்குச் சான்று பகரும். ஆனால், எழுத்தும் இல்லாமல், மண்ணிலும் புதையாமல், தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வழிவழியாக வந்த ஓர் இரும்புக் கத்திக்கு வயது கூறுவது எங்ஙனம்? ஜாவாத் தீவின் கிரிஸ் கத்தியைத் தேடிச் சேர்ப்போர் யாவரும் இவ்வினாவின் முன் நின்றவர்களே. அவர்கள் விடை தேடிய வழிகளைப் பற்றிச் சில செய்திகளை இன்று கூற விரும்புகிறேன். கத்தியைப் பற்றிய பேச்சாயினும், இது உண்மையில் சான்றுகளை எடைபோடும் முறையைப் பற்றிய பேச்சேயாகும்.

ஜாவா நமக்கு முற்றிலும் புதிய நாடன்று. சாவகம் என்னும் பெயரை மணிமேகலையிலேயே காண்கிறோம். இராமாயண பாரதக் கதைகள் அங்கு வேரூன்றி, அந்நாட்டு மக்களின் சொந்தக் கதைகளாகவே வளர்ந்துவிட்டன. நடு ஜாவாவில் லாவு மலையின் மேற்குச் சரிவில் சுக்குஹ் என்றொரு கோயில் உண்டு. அது பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அங்குள்ள புடைப்புச் சிற்பம் ஒன்றில் கொல்லன் உலைக்களம் காட்டப்பட்டிருக்கிறது. அதில் கத்தி வடிக்கும் கொல்லன் வீமன். துருத்தி இயக்குபவன் அருச்சுனன். இருவருக்கும் நடுவே ஆடும் கோலத்தில் நிற்பவர் ஆனைமுகக் கடவுள். இரும்பை உருக்கிப் படைக்கலம் ஆக்குவது வெறுந்தொழில் அன்று, தெய்வத்தன்மை வாய்ந்த செயல் என்று அம்மக்கள் கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, கிரிஸ் என்பது யாது எனக் காண்போம். சாவக மொழியில் அதனைக் கெரிஸ் என்பர். ஏறத்தாழ ஓரடி முதல் ஒன்றேகால் அடி வரை நீளமுள்ள அலகு உடையது. அலகின் அடிப்பகுதி அகன்றும், ஒருபுறம் மற்றொருபுறத்தைவிட நீண்டும் இருக்கும். அந்த அடிப்பகுதியில் கஞ்சா என்னும் பெயருடைய தனி இரும்புத் துண்டு ஒன்று பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். பாம்பு நெளிவது போல் வளைந்த அலகுகளையே படங்களில் நாம் மிகுதியாகக் காண்கிறோம். எனினும், நேரான அலகுடைய கிரிஸ்களும் மிகப் பல. வளைவுகள் இருப்பின் அவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே அமையும். மூன்று, ஐந்து, ஏழு என்று பதின்மூன்று வரை செல்வது பெருவழக்கு.

அலகின் முகத்திலே வெள்ளிக்கோடுகள் போன்ற பூவேலை தோன்றும். இதனைப் பாமோர் என்பர். இது வண்ணம் பூசியதன்று. கல்லுளியால் செதுக்கியதும் அன்று. சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கடுக்காக வைத்து, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, மடித்து, மீண்டும் அடித்து ஒன்றாக்குவர். நடுவே உருக்குத் தகடு ஒன்றை வைப்பர். அலகு உருவானபின், எலுமிச்சைச் சாறும் பாடாணமும் கலந்த கரைசலைப் பூசுவர். அப்போது இரும்பு கறுத்துவிடும். நிக்கல் கலந்த பகுதி கறுக்காமல் வெண்மையாக மிளிரும். அவ்வாறு தோன்றும் கோலங்களுக்கு அம்மக்கள் வைத்துள்ள பெயர்கள் அழகானவை. சிந்திய அரிசி, பொன்மழை, தென்னங்கீற்று, தர்ப்பூசணித் தோல் என்றெல்லாம் அவை வழங்கும். சமையலறையிலும் தோட்டத்திலும் நாள்தோறும் கண்டவற்றையே இரும்பிலும் கண்டனர் அக்கொல்லர்கள். அக்கலையில் தேர்ந்த ஆசானை 'எம்பு' எனும் மதிப்புச் சொல்லால் அழைத்தனர்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கப்பற்படையுடன் ஜாவாவுக்கு வந்த மா ஹுவான் என்பவர், மூன்று வயதுச் சிறுவன் முதல் முதியவர் வரை ஆண்மக்கள் யாவரும் இடையில் கத்தி செருகியிருந்ததை எழுதிவைத்துள்ளார். ஆனால் காலப்போக்கில் கிரிஸ், போர்க்கருவி என்னும் நிலையைக் கடந்து, குடும்பத்தின் மானமும் குலத்தின் அடையாளமும் ஆயிற்று. மணமகன் இடையில் செருகும் கிரிஸின் பிடியில் மல்லிகைச் சரம் தொங்கும். வழிவழி வந்த கிரிஸைப் 'புசாகா' என்று போற்றுவர். அரண்மனைக் கிரிஸ்களுக்குப் பெரியவர்களுக்குரிய 'கியாய்' என்ற பட்டத்துடன் தனிப்பெயர் உண்டு. சாவக ஆண்டின் முதல் மாதமாகிய சுரோவில் அவற்றை எடுத்து நீராட்டி, துடைத்து, மீண்டும் உறையில் இடுவர். 2005இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, இந்தோனேசியாவின் கிரிஸ் மரபை மனித குலத்தின் அரிய பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். ஆண்டுதோறும் நடைபெறும் இந்நீராட்டு, கத்தியின்பால் உள்ள பக்தியின் வெளிப்பாடு. ஆயினும், ஒவ்வொரு முறை துருவை நீக்கும்போதும், சாற்றிலும் பாடாணத்திலும் தோய்க்கும்போதும், அலகு சிறிது சிறிதாகத் தேய்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஜாவாவின் காற்று ஒருபுறம் இரும்பைத் தின்கிறது. போற்றும் கையே மறுபுறம் அதனைத் தேய்க்கிறது. எனவே, மிகப் பழைய அலகுகள் அரியனவாயின. எஞ்சியவையும் வடிவம் மெலிந்து நிற்கின்றன. மெலிந்த அலகைக் கண்டவுடன் 'இது பழையது' என்று முடிவு கட்டுவதும் இயலாது. பாதுகாப்பின்றி ஐம்பது ஆண்டுகள் ஈரத்திற் கிடந்த கத்தி, பேணிக்காத்த முந்நூறாண்டுக் கத்தியைவிடத் தேய்ந்திருக்கக் கூடும். அன்றியும், புதிய அலகை அமிலத்தில் இட்டு அரிக்கச் செய்து, பழையதெனக் கூறி விற்கும் வஞ்சகமும் சந்தையில் உண்டு. தேய்மானம் ஒரு குறிப்பேயன்றித் தீர்ப்பு ஆகாது.

அப்படியானால் வயதறிய வழி என்ன? ஜாவாவில் தொன்றுதொட்டு வழங்கும் முறைக்குத் 'தங்குஹ்' என்று பெயர். அச்சொல்லின் பொருள் மதிப்பீடு என்பதாகும். அலகின் நீளம், பருமன், இரும்பின் நிறம், கையால் தொடும்போது உணரும் தன்மை, பாமோரின் ஓட்டம், அடிப்பகுதியின் வெட்டு முதலியவற்றை ஒருங்கே நோக்கி, 'இது மஜாபாஹித்து மரபு', 'இது மாத்தராம் மரபு', 'இது சுரகர்த்தா மரபு' என்று வகுப்பர். மஜாபாஹித்துப் பேரரசு 1293இல் தோன்றிப் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தது. மாத்தராம் அரசு 1755இல் கியாந்தி உடன்படிக்கையால் சுரகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாகப் பிரிந்தது. இவ்வரசியல் எல்லைகளையே அறிஞர்கள் கத்திகளுக்கும் கால எல்லைகளாகக் கொண்டனர்.

பல்லாயிரம் கத்திகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உள்ள ஆற்றலை நான் குறைத்துக் கூற மாட்டேன். நெல்லைக் கையில் அள்ளியவுடன் இன்ன வகை என்று கூறும் உழவனின் அறிவு அது. ஆயினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். இம்முறையை விளக்கும் நூல்களுட் பல பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவை. ஐந்நூறாண்டுகட்கு முந்திய கத்திகளைப் பற்றிப் பின்வந்தோர் வகுத்த இலக்கணம் அது. மேலும், சுரகர்த்தாவின் கொல்லன் ஒருவன் மஜாபாஹித்து முறையில் ஒரு கத்தி செய்ய விரும்பினால், அவனைத் தடுப்பவர் யார்? எனவே, 'மஜாபாஹித்து மரபு' என்பது அந்தப் பாணியைக் குறிக்குமேயன்றி, அந்த நூற்றாண்டிற் செய்யப்பட்டது என்பதற்கு உறுதிச்சீட்டு ஆகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே, கத்தி சேர்ப்போர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம்.

அடுத்து, உலோகத்தின் சாட்சியத்தைக் கேட்போம். பாமோருக்குரிய நிக்கல் எங்கிருந்து வந்தது? விண்ணிலிருந்து வீழ்ந்த கல்லிலிருந்து வந்தது என்று பலர் கூறுவர். இது முழுக்கற்பனையன்று. பிரம்பானான் கோயிலுக்கு அருகே விழுந்த விண்ணிரும்பின் துண்டுகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அரண்மனைக் கொல்லர்களால் பயன்படுத்தப்பட்டன. எஞ்சிய பெருந்துண்டு அரண்மனையில் போற்றிக் காக்கப்பட்டது. ஆனால், அதற்கு நெடுங்காலம் முன்பே பாமோர்க் கத்திகள் இருந்தனவே! அவற்றுக்குரிய நிக்கல் இரும்பு பெரும்பாலும் சுலாவேசித் தீவின் லுவு நாட்டுத் தாதிலிருந்து கடல்வழி வந்தது என்று 1987இல் பென்னட் பிரான்சன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐரோப்பிய வாணிகத்தின் வழியே தூய நிக்கல் உலோகமும் ஜாவாக் கொல்லரின் உலைக்கு வந்து சேர்ந்தது.

இதனால் காலக்கணிப்புக்கு ஒரு பயன் உண்டு. ஊடுகதிர் கொண்டு அலகைச் சிதைக்காமலே அதிலுள்ள உலோகங்களை இன்று அறிய முடிகிறது. தொழிற்சாலையில் தூய்மை செய்யப்பட்ட நிக்கல் ஒரு கத்தியில் இருக்குமாயின், அது மிகப் பழைய கத்தியாக இருக்க முடியாது; அந்த வழக்கு அத்துடன் முடிந்தது. ஆனால், அத்தகைய நிக்கல் இல்லையென்பதனால் மட்டும் கத்தி பழையதென்று ஆகிவிடாது. பழைய இரும்பை உருக்கிப் புதிய கத்தி செய்வதும் உண்டன்றோ! 'இதற்கு முந்தியது அன்று' என்று கூறும் சான்று ஒன்று. 'இதற்குப் பிந்தியது அன்று' என்று கூறும் சான்று மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொண்டால், வரலாற்றுப் பாடத்தில் பாதி விளங்கிவிடும்.

பிடியும் உறையும் சாட்சி கூறுமா? கூறும், ஆனால் தம்மைப் பற்றியே கூறும். பிடி உடையும், உறையின் மரம் உளுத்துப்போகும், கத்தியைப் பெற்ற புதிய உரிமையாளன் தன் ஊர் வழக்கப்படி வேறு உறை செய்துகொள்வான். ஆகவே, பழைய அலகு புதிய உறையிலும், புதிய அலகு பழைய உறையிலும் இருக்கக் காணலாம். சட்டையைப் பார்த்து மனிதனின் வயதைக் கணிப்பது போன்றதே உறையைப் பார்த்து அலகின் வயதைக் கூறுவது.

சில அலகுகளில் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அங்கேயும் விழிப்பு வேண்டும். ஜாவாவில் பழங்காலத்தில் வழங்கியது நம் நாட்டிலிருந்து சென்ற சக ஆண்டு. அதனுடன் 78 கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும். ஆனால், 1633இல் மாத்தராம் அரசர் சுல்தான் அகுங், சூரியனைக் கொண்டு கணித்த அம்முறையை விடுத்து, சந்திரனைக் கொண்டு கணிக்கும் முறையைப் புகுத்தினார். புகுத்தியபோது எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. சக ஆண்டு 1555 என்பதையே தொடர்ந்து எண்ணச் செய்தார். சந்திர ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்களே. எனவே வேறுபாடு ஆண்டுக்காண்டு சுருங்கியது. கத்தியொன்றில் 1830 என்னும் சாவக ஆண்டு இருப்பதாகக் கொள்வோம். 78 கூட்டுபவர் 1908 என்பார். சரியான கணக்கு 1900 ஆகும். எட்டு ஆண்டுப் பிழை, ஓர் எளிய கூட்டலால் வந்துவிடுகிறது! கணக்கு தவறன்று; எந்தக் கணக்கை எங்கே பயன்படுத்துவது என்பதிலேதான் தவறு.

ஆண்டு பொறித்த அலகுகளுள் புகழ்பெற்றது ஒன்று உண்டு. யோக்யகர்த்தாவின் பாக்கு ஆலம் குடும்பத்து இளவரசர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் க்னாவுட் என்னும் டச்சுக்காரருக்கு அளித்தது அது. இராமாயணக் காட்சிகள் மெல்லிய செப்புத் தகட்டில் புடைப்பாக அமைந்த அந்தக் கிரிஸில் சக ஆண்டு 1264, அஃதாவது கி.பி. 1342, பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய கிரிஸ் அதுவே என்பர். அதனைப் பற்றியும் அறிஞர்கள் எச்சரிக்கையுடனேயே பேசுகின்றனர். அலகு இன்னும் பழையதாக இருந்து, ஏதோ ஒரு சிறப்பு நிகழ்ச்சியின் பொருட்டு அந்த ஆண்டில் அணிசெய்யப்பட்டிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. பொறித்த ஆண்டு, பொறித்த செயலின் ஆண்டேயன்றி, அலகின் பிறந்தநாள் என்று கொள்ளவேண்டுவதில்லை.

மாணவர்களே, கத்திக்குள்ளே தேடும் சான்றுகள் இவ்வாறு ஒவ்வொன்றும் ஓரெல்லையில் நின்றுவிடுகின்றன. கத்திக்கு வெளியே உள்ள சான்றே பெரும்பாலும் உறுதி தருகிறது. ரெம்பிராண்ட் என்னும் டச்சு ஓவியர் 1636இல் தீட்டிய 'சிம்சோனைக் குருடாக்குதல்' என்னும் ஓவியத்தில் அவ்வீரனின் கண்ணிற் பாய்வது ஒரு கிரிஸ். ஆகவே அத்தகைய கிரிஸ் 1636க்கு முன்பே ஐரோப்பா சென்று சேர்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. 1817இல் வெளிவந்த ராஃபில்ஸின் 'ஜாவாவின் வரலாறு' என்னும் நூலிலும் கிரிஸ் வகைகளின் படங்கள் உள்ளன. ஐரோப்பிய மன்னர்களின் பழைய பொருட்சாலைப் பட்டியல்களில் ஒரு கிரிஸ் பதிவாகியிருந்தால், பட்டியலின் ஆண்டுக்குப் பின் அது செய்யப்பட்டிருக்க முடியாது. அழகிற் குறைந்த கத்தியாயினும், அத்தகைய பதிவுடையதே அறிஞனுக்கு அரும்பொருள். ஏனையவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அதுவே.

ஒரு துண்டுக் காகிதத்தின் மதிப்பை விளக்க, இளவரசர் திப்போநெகோரோவின் கிரிஸைச் சொல்லலாம். டச்சு ஆட்சியை எதிர்த்து 1825 முதல் ஐந்தாண்டுகள் போரிட்ட அவ்விளவரசர், 1830 மார்ச்சில் மகெலாங் நகரில் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் சிறைப்படுத்தப்பட்டார். கியாய் நாகசிலுமான் என்னும் அவருடைய கிரிஸ், கிளீரென்ஸ் என்ற படைத்தலைவர் வாயிலாக 1831இல் நெதர்லாந்து அரசரை அடைந்து, அரசரின் அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டது. அந்த அரும்பொருட்சாலை 1883இல் மூடப்பட்டது. பொருள்கள் பல காட்சிசாலைகளுக்குப் பிரிந்தன. கிரிஸ் ஓரிடத்திலும் அதன் பெயர் மற்றோரிடத்திலுமாயின. 1970களில் இளவரசரின் பொருள்கள் சில இந்தோனேசியாவுக்குத் திரும்பியபோது, கிரிஸை மட்டும் இன்னதென்று காட்ட ஒருவராலும் இயலவில்லை. கத்தி தொலைந்துபோகவில்லை, லைடன் நகரில் பிற கத்திகளோடு பத்திரமாக இருந்தது. தொலைந்தது அதன் அடையாளம்.

அதனை மீட்டுக்கொடுத்தவை பழைய ஏடுகளே. இளவரசர் அந்தக் கிரிஸைக் கிளீரென்ஸிடம் கொடுத்ததை நேரிற் கண்டதாக, அவருடைய படைத்தலைவர் செந்தோட் 1830இல் எழுதிய கடிதம் ஒன்று. அப்போது நெதர்லாந்தில் இருந்த ஜாவா ஓவியர் ராடன் சாலேஹ், கிரிஸின் பெயரையும் தோற்றத்தையும் விளக்கி 1831இல் எழுதிய குறிப்பு மற்றொன்று. ஆய்வாளர்கள் இவற்றைக் கத்தியுடன் ஒப்பிட்டுப் பார்த்தனர். இந்தோனேசிய வல்லுநர்களும் ஆராய்ந்தனர். 2020 மார்ச்சில் அந்தக் கிரிஸ் தாயகம் திரும்பியது. அதன்பின்னும், அலகின் வடிவம் அந்தப் பெயருக்குப் பொருந்துமா என்று வினவியோர் இந்தோனேசியாவிலேயே இருந்தனர். வினவியது குற்றமன்று. வினவுவோர் இருக்கும் வரையில்தான் சான்று தேடுவோரும் விழிப்புடன் இருப்பர்.

இதிலிருந்து பழம்பொருள் சேர்ப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் தாமே விளங்குகின்றன. எந்தக் கத்தி, எந்நாளில், எவரிடமிருந்து, எந்த ஊரில் பெறப்பட்டது என்பதை அன்றே எழுதிவைத்தல் வேண்டும். கொடுத்தவர் சொன்ன கதையை, அவர் சொன்னது என்ற குறிப்போடு எழுத வேண்டும். தாம் கருதுவதைத் தனியே எழுத வேண்டும். அலகைப் பளபளப்பாக்க உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் ஆகாது. அங்ஙனம் தேய்ப்பவர் சாட்சியின் நாவை அறுப்பவராவர். பாடாணம் நஞ்சாதலின், பயிற்சியில்லாதவர் அதனைத் தொடவும் கூடாது. இந்தோனேசியாவின் 2010ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுச் சட்டம், காக்கப்பட்ட தொல்பொருள்களை இசைவின்றி நாட்டை விட்டுக் கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. நேர்மையான வழியில் வாராத பொருளுக்கு எத்துணை வயது கணித்தாலும் அது அறிவுச் செல்வமாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிஸ், கண்ணாடிப் பேழைக்குள் அடங்கிவிட்ட பழம்பொருள் மட்டுமன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலைகள் பல அணைந்து, இக்கலை அழிந்துவிடுமோ என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. 1970களில் யோக்யகர்த்தாப் பகுதியில் எம்புக் குடும்பத்தினர் மீண்டும் உலை மூட்டினர். அவர்களுள் ஜெனோ ஹரும்ப்ரோஜோ 2006இல் மறையும் வரை தொழிலைத் தொடர்ந்தார். மதுராத் தீவின் சுமெனெப் வட்டாரத்தில் ஓர் ஊரே கிரிஸ் வடிக்கும் ஊராக விளங்குகிறது. சுரகர்த்தாக் கலைக்கல்லூரியில் கிரிஸ் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே இன்று நல்ல கொல்லன் செய்யும் நல்ல கத்தி, தன் வயதைப் பொய்யாகக் கூட்டிச்சொல்ல வேண்டிய தேவையே இல்லாதது. புதியது என்று சொல்லி விற்றாலும் அதன் அழகு குறைவதில்லை.

கணக்குப் பாடத்தில் விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாத மாணவனுக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் வழங்குவதில்லை. 'இது அறுநூறு ஆண்டுப் பழமை' என்று மட்டும் எழுதிய சீட்டும் அத்தகையதே. எந்தச் சான்றால், எந்த அளவுக்கு உறுதியாக என்ற வழியும் உடன் வேண்டும். 'வடிவத்தால் மஜாபாஹித்து மரபு போன்றது, உறை பத்தொன்பதாம் நூற்றாண்டினது, அலகின் காலம் உறுதியாகவில்லை' என்று எழுதிய சீட்டு, விற்பனைக்கு உதவாமல் இருக்கலாம், உண்மைக்கு உதவும். நம் ஊர்களில், நம் வீட்டுப் பரண்களிலும், கோயில் அறைகளிலும், பெயரும் வரலாறும் மறந்துபோன பொருள்கள் எத்தனையோ உள்ளன. அவற்றின் கதையை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், கேட்டதை நாளும் ஊரும் குறித்து எழுதிவையுங்கள். செந்தோட் எழுதிய ஒரு கடிதம் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்குப் பின் ஒரு கத்தியை வீடு சேர்த்தது. நீங்கள் இன்று எழுதும் ஒரு பக்கமும் யாருக்கோ, எப்போதோ, அத்தகைய பணியைச் செய்யக்கூடும்.